போதைக்கு ஆட்பட்டவரின் வீட்டார்

செய்தியாகாத துயரம்

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைப் பறித்தபோது விழுப்புரம் வட்டாரத்தின் போதைச் சிக்கல் நாடறிந்த செய்தியாயிற்று. ஆனால் மேல்மலையனூர் வட்டத்து அவலூர்பேட்டை போன்ற ஊர்களில் கணவன், மகன், உடன்பிறந்தான், நண்பன் என ஒருவரின் பழக்கத்தோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து தேய்பவர்களைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. மது, கஞ்சா, மருத்துவர் சீட்டின்றி வாங்கப்படும் வலிமாத்திரை ஆகியவற்றில் ஒன்று, தீங்கு தெரிந்த பின்னும் விட முடியாத அளவுக்கு ஒருவரைப் பற்றிக்கொள்வதையே மருத்துவம் சார்புநிலை என்கிறது. அது ஒழுக்கக் கேடன்று, மீண்டும் தலைதூக்கக்கூடிய நாட்பட்ட நோய்.

வீட்டாருக்கும் சிகிச்சை

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, நோயாளியோடு குடும்பத்தாருக்கும் தனியே பயிற்சியும் ஆலோசனையும் அளிப்பதைத் தன் சிகிச்சையின் பகுதியாகவே வைத்துள்ளது. நகரத்துக்கு வர இயலாதவர்களுக்காக 1989இல் மஞ்சக்குடி கிராமத்தில் அது நடத்திய முகாம், ஊரார் துணையோடு ஊரிலேயே மருத்துவம் செய்யலாம் என்பதைக் காட்டியது.

வீட்டாருக்குச் சிகிச்சை எதற்கு என்னும் கேள்விக்கு விடை அவர்களுடைய அன்றாடத்திலேயே இருக்கிறது. வேலைக்கு வராததற்குப் பொய்க் காரணம் சொல்லுதல், கைமாற்றுக் கடனை நகையை அடகு வைத்து அடைத்தல், விழுந்து கிடந்தவரைத் தூக்கிவந்து மறுநாள் ஒன்றும் நடவாததுபோல் இருத்தல் ஆகிய எல்லாம் அன்பினால் செய்யப்படுபவையே எனினும், பழக்கத்தின் விளைவு அதற்கு ஆளானவரை எட்டாமல் அவை தடுத்துவிடுகின்றன. ஆகவே சோறு போடுவதையும் மருத்துவமனைக்கு உடன் செல்வதையும் தொடர்ந்துகொண்டே, கையில் பணம் தருவதையும் பொய் சொல்வதையும் நிறுத்துவதே முறையாகும். பேச வேண்டியதைப் போதை தெளிந்திருக்கும் காலை வேளையில், பழி சுமத்தாமல், கண்ணால் கண்டதை மட்டும் சொல்லிப் பேசுவது பயன் தரும். போதையில் இருப்பவரோடு நள்ளிரவில் நடத்தும் வாதம் ஒருபோதும் பயன் தந்ததில்லை. அடி, மிரட்டல் என்று நிலைமை முற்றுமானால் பெண்களும் பிள்ளைகளும் முதலில் பாதுகாப்பான உறவினர் வீட்டுக்குச் செல்ல வேண்டும், அது கைவிடுதல் ஆகாது.

நல்லெண்ணம் தீங்காகும் இடங்கள்

கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை விடும் வழக்கம் தமிழகக் கிராமங்களில் பரவலாக உள்ளது. அந்த உறுதி மதிக்கத்தக்கதே. ஆயினும் பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை என்று தொடங்கும் விலகல் அறிகுறிகள் முதல் இரண்டு நாட்களில் வலிப்பாகவும், அதையடுத்து இல்லாததைக் கண்டு பிதற்றும் மனக்குழப்பமாகவும் முற்றி உயிரையே பறிக்கக்கூடும் என்பதால், கயிறு கட்டுமுன் மருத்துவரைப் பார்ப்பது இன்றியமையாதது.

குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கப்படும் பொடிகளும் கொடியவையே. அவற்றில் கலந்திருக்கக்கூடிய டைசல்ஃபிராம் என்னும் மருந்து உடலில் இருக்கும்போது மது அருந்தினால் வாந்தியும் படபடப்பும் உண்டாகி இரத்த அழுத்தம் சரியும் என்பதால், நோயாளியின் ஒப்புதலும் மருத்துவரின் கண்காணிப்பும் இன்றி அதைக் கொடுப்பது மருத்துவமாகாது.

உதவி கிடைக்கும் வழிகள்

காவல்துறை பற்றிய அச்சமே பல குடும்பங்களை முடக்குகிறது. போதைப்பொருள் தடுப்புக்கான 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையாகி அதை உட்கொண்டதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற நிலையத்திலோ தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால் அக்குற்றத்துக்கான வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையை முழுமையாக மேற்கொள்ளாவிடில் அவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம். அவலூர்பேட்டைப் பகுதியினர் திருவண்ணாமலை அல்லது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். போதை மீட்புக்கான 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணையும், தமிழக அரசின் 104 மருத்துவ ஆலோசனை எண்ணையும், பழக்கத்துக்கு ஆளானவர் இன்னும் இணங்காத நிலையிலும், வீட்டாரே அழைக்கலாம்.