கேடட் கையில ரைபிள்: சுடுறதுக்கு முன்னாடி படிக்க வேண்டிய பாடம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, பந்தல்குடி, நரிக்குடி பக்கம் பள்ளிக்கூடத்துலயோ காலேஜ்லயோ என்.சி.சி.ல சேந்திருக்கிற தம்பி தங்கச்சிகளுக்காக இந்தக் காணொளி. "பிள்ளை கையில துப்பாக்கியைக் குடுக்கப் போறாங்களாமே"ன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கிற அப்பா அம்மாவும் கூட உக்காந்து பாருங்க.

கேம்ப்ல உங்க கையில வரப்போறது பெரும்பாலும் பாயிண்ட் டூ டூ ரைபிள். தரையில படுத்து, 25 கெஜத்துல இருக்கிற டார்கெட்டைச் சுடணும். அதிகம் போனா அஞ்சு ரவுண்டு. சில நிமிஷத்துல முடிஞ்சிடும். அந்தச் சில நிமிஷத்துக்காக வாரக்கணக்கா வெறும் ரைபிளை வச்சு ஏன் இவ்வளவு பாடம் எடுக்குறாங்க, எப்பத்தான் சுட விடுவாங்கன்னு நிறையப் பிள்ளைகளுக்குச் சலிப்பு வரும். நான் சொல்ல வர்றது இதுதான்: பத்திரமாப் பிடிக்கிற பாடம் வேற, குறி பாக்குற பாடம் வேறன்னு நினைக்காதீங்க. ரெண்டும் ஒரே பழக்கம். முதல்ல சொன்னது கைக்கு வரலைன்னா ரெண்டாவது வரவே வராது.

முதல்ல நம்ம தமிழ்நாட்டுல நடந்த ஒரு விஷயம். 2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்குப் பக்கத்துல பசுமலைப்பட்டி துப்பாக்கிச் சுடும் தளம். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. தளத்துல இருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல தள்ளி, தாத்தா வீட்டுல இருந்த 11 வயசுப் பையன் தலையில ஒரு குண்டு பாஞ்சுது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில அறுவை சிகிச்சை பண்ணியும், 2022 ஜனவரி 3 அன்னைக்கு அந்தப் பிள்ளை இறந்துபோச்சு. அந்தப் பையனை யாரும் குறி வைக்கல. சுட்டவங்க கண்ணுக்கு அவன் தெரியக்கூட இல்ல.

அது பெரிய ரைபிள், நம்ம .22 சின்னதுதானேன்னு தோணலாம். .22 குண்டோட எடை சுமார் 2.6 கிராம்தான். ஆனா குழலை விட்டுக் கிளம்பும்போது நொடிக்கு 330 மீட்டர் வாக்குல போகுது. 25 கெஜத்தைக் கண் சிமிட்டுறதுக்குள்ள தாண்டிடும். முனையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுச் சுட்டுட்டா அந்தச் சின்னக் குண்டு சுமார் ஒன்றரை கிலோமீட்டர் வரைக்கும் போய் விழும். நம்ம பக்கத்துக் கண்மாய் பலதுல இந்தக் கரையில இருந்து மறுகரைக்குப் போய், அதையும் தாண்டுற தூரம் அது. 25 கெஜம்ங்கிறது டார்கெட் இருக்கிற தூரம். குண்டு அங்கேயே நின்னுடும்னு யாரும் உத்தரவாதம் குடுக்கல. அதை நிறுத்துறது பின்னாடி இருக்கிற மண் மேடுதான்.

(திரையில்: சமதரை, சீமைக்கருவேலங்காடு, தூரத்தில் கண்மாய்க் கரை)

இப்ப நம்ம மண்ணைப் பாருங்க. நார்த்தாமலையாவது குன்று இருக்கிற ஊரு. இங்க கண்ணுக்கெட்டுன வரைக்கும் சமதரை. குண்டைத் தடுக்க இயற்கையா ஒரு மேடு கிடையாது. இருக்கிறதெல்லாம் சீமைக்கருவேலம். அந்தப் புதர் ஆளை மறைக்கும், குண்டைத் தடுக்காது. "அங்கிட்டு யாருமே இல்ல, வெறும் காடுதான்"னு ஒருத்தர் சொன்னா நம்பாதீங்க. அந்தக் காட்டுக்குள்ள ஆடு மேய்க்கிறவங்க இருப்பாங்க, விறகு வெட்டுறவங்க இருப்பாங்க, கரி மூட்டம் போட்டுக் காவல் உக்காந்திருப்பாங்க. கண்மாய்க் கரையை மேடா வச்சுக்கலாமேன்னு யாராவது யோசனை சொன்னாலும் வேண்டாம். பல ஊருல கரைதான் நடைபாதை. உள்பக்கம் கல் பதிச்சிருந்தா குண்டு அதுல பட்டுத் தெறிச்சு எந்தத் திசைக்குப் போகும்னு யாராலயும் சொல்ல முடியாது.

அதனாலதான் அனுமதி வாங்குன ரேஞ்சைத் தவிர வேற எங்கயும் கேடட் சுடக் கூடாது. ரேஞ்சுக்குப் போனதும் நீங்களே கவனிங்க. சிவப்புக் கொடி பறக்குதா? ரெண்டு பக்கமும் ஆள் வராமப் பாத்துக்க சென்ட்ரி நிக்கிறாங்களா? டார்கெட்டுக்குப் பின்னாடி இருக்கிற பட் மேட்டுல சரளைக்கல் இல்லாம வெறும் மண்ணா இருக்கா? சந்தேகம் வந்தா உடனே உங்க என்.சி.சி. சார்கிட்டயோ பயிற்சி குடுக்கிற ராணுவ (பி.ஐ.) ஸ்டாஃப்கிட்டயோ சொல்லணும். சின்னப் பிள்ளை சொல்றதான்னு தயங்க வேண்டாம். ஆபத்தைப் பாத்த யாரும் ரேஞ்சுல "ஸ்டாப்"னு கத்தலாம்.

சரி, ரைபிள் கைக்கு வந்தாச்சு. டிரில்லுக்குக் குடுக்கிற டி.பி. ரைபிள் சுடவே சுடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதையும் தோட்டா போட்ட துப்பாக்கி மாதிரியே நடத்துங்க. அதை வச்சு விளையாட்டுக்குக் கூட்டாளியைக் குறி பாக்குற கை, நாளைக்கு நிஜ ரைபிளையும் அப்படித்தான் திருப்பும். யார்கிட்ட இருந்து வாங்கினாலும் போல்ட்டைத் திறந்து பாத்துட்டு வாங்குங்க. யார்கிட்ட குடுத்தாலும் திறந்து காமிச்சுட்டுக் குடுங்க. ஹவில்தாரே "காலியா இருக்கு"ன்னு சொல்லிக் குடுத்தாலும் பாக்கணும். அவர் கோவிச்சுக்க மாட்டார், சந்தோஷப்படுவார்.

இங்க ஒரு இடத்துல நிதானமா நிக்கணும். "காலி கர்"னு கட்டளை வருது. நிறையப் பேர் அவசரத்துல முதல்ல போல்ட்டை இழுத்து முன்னாடி தள்ளுவாங்க, அப்புறம் மேகசினைக் கழட்டுவாங்க. மேகசின்ல இன்னும் ரவுண்டு மிச்சம் இருந்தா என்ன ஆகும்? போல்ட்டை முன்னாடி தள்ளும்போது அடுத்த ரவுண்டைத் தூக்கிச் சேம்பருக்குள்ள வச்சிடும். மேகசினைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, "மேகசின் வெளிய வந்துடுச்சு, ரைபிள் காலி"ன்னு நினைச்சுக்கிட்டு இருப்பீங்க. உள்ள ஒரு ரவுண்டு தயாரா உக்காந்திருக்கும். அதனால வரிசை மாறவே கூடாது. முதல்ல மேகசின் வெளிய. அப்புறம் போல்ட்டை முழுசா பின்னாடி இழுத்து, உள்ள இருக்கிற ரவுண்டு வெளிய வந்து விழுறதைப் பாக்கணும். அப்புறம் சேம்பருக்குள்ள கண்ணால பாத்து, சுண்டு விரல் நுனியை விட்டுத் தொட்டுப் பாக்கணும். வெயில்ல இருந்து நிழலுக்கு வந்த கண்ணுக்கு உள்ள இருக்கிறது தெரியாமப் போகலாம், விரலுக்குத் தெரிஞ்சிடும். இத்தனையும் பண்ணி முடிக்கிற வரைக்கும் குழல் முனை டார்கெட் பக்கமே இருக்கணும். பக்கத்துல படுத்திருக்கிறவன் கூப்பிட்டான்னு உடம்போட திரும்புனீங்கன்னா ரைபிளும் கூடவே திரும்பிடும். ரேஞ்சுல இந்தத் தப்பை அடிக்கடி பாக்கலாம்.

அடுத்தது விரல். குறி பாத்து முடிச்சு, சுடலாம்னு மனசுல முடிவு பண்ற வரைக்கும் ஆள்காட்டி விரல் ட்ரிகர் கார்டுக்கு வெளிய நீட்டி இருக்கணும். இது பாதுகாப்புக்குன்னு மட்டும் நினைக்காதீங்க. பாதுகாப்பும் குறியும் சேர்ற இடமே இதுதான். விரலை எந்நேரமும் ட்ரிகர்ல வச்சுப் பழகுனவங்க, குறி சேர்ந்தமாதிரி தெரிஞ்ச நொடியில வெடுக்குன்னு இழுத்துடுவாங்க. வெளிய வச்சுப் பழகுனவங்க விரலை உள்ள கொண்டுவரும்போதே நிதானமாயிடுவாங்க. விரல் நுனிச் சதையை ட்ரிகர்ல வச்சு, கொஞ்சம் கொஞ்சமா அழுத்தம் ஏத்துவாங்க. எந்த நொடியில வெடிக்கும்னு அவங்களுக்கே முன்கூட்டித் தெரியாது. தெரியாததால தோளும் கண்ணும் முன்னாடியே அதிராது.

ஹிந்தியில மூணு விஷயம் சொல்லிக் குடுப்பாங்க: மஜ்பூத் பகட், துரஸ்த் ஷிஸ்த், அப்புறம் ட்ரிகர். பலமான பிடி, சரியான குறி, விசை அடக்கம். இதுல குறியைக் கொஞ்சம் கணக்காப் பாப்போம். ரைபிள்ல பின்னாடி இருக்கிற சைட்டுக்கும் முன்னாடி இருக்கிற ஃபோர்சைட் டிப்புக்கும் 60 சென்டிமீட்டர் இடைவெளின்னு வச்சுக்கோங்க. டிப் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகி இருந்தா, 25 கெஜம் தள்ளி குண்டு கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் விலகிப் போய்ப் படும். அதனாலதான் கண்ணு டார்கெட்டைப் பாக்கக் கூடாது, டிப்பைப் பாக்கணும். டார்கெட் லேசா மங்கலாத் தெரிஞ்சா பரவாயில்ல, டிப் கூர்மையாத் தெரியணும். இதை நம்புறதுக்குப் பிள்ளைகளுக்கு ரொம்ப நாள் ஆகும்.

நம்ம ஊர் வெயில் இதுல ஒரு வேலை பண்ணும். வெயில் ஒரு பக்கமா அடிச்சா டிப்போட அந்தப் பக்கம் பளபளன்னு மின்னும். கண்ணு மின்னுற ஓரத்தையே டிப்புன்னு எடுத்துக்கும். வலது பக்கம் மின்னுனா குண்டு இடது பக்கம் போகும். அனுபவப்பட்டவங்க டிப்புல புகைக்கரி பூசிக்கிறது இதுக்காகத்தான். ஆடிக்காத்தைப் பத்தியும் கேப்பீங்க. 25 கெஜத்துல அது குண்டைச் சில மில்லிமீட்டர்தான் தள்ளும். முதல் கேம்ப்ல காத்து மேல பழி போட முடியாது.

அடுத்தது மூச்சு. பாதி மூச்சை விட்டுட்டு நிறுத்தி, சில நொடிக்குள்ள சுடணும். நேரம் ஆயிடுச்சுன்னா கண்ணு கலங்கும், கை நடுங்கும். அப்ப விரலை வெளிய எடுத்து, மூச்சு விட்டு, மறுபடி ஆரம்பிங்க. யாரும் உங்களை விரட்டல. சுட்ட அஞ்சு ஓட்டையும் மேலயும் கீழயுமா நேர்கோட்டுல இருந்தா மூச்சைச் சரியா நிறுத்தலன்னு அர்த்தம். அஞ்சும் ஒரு ஓரமா ஒண்ணுக்கு மேல ஒண்ணு விழுந்திருந்தா அழாதீங்க, அது நல்ல க்ரூப். நடுவுக்குக் கொண்டுவர சைட்டைத் திருத்துனா போதும். நாலு மூலைக்கும் சிதறி, அதுல ஒண்ணு மட்டும் நடுவுல விழுந்தவங்கதான் திரும்பப் பழகணும்.

வீட்டுல துப்பாக்கி கிடையாது, அப்ப இதை எங்க, எப்படிப் பழகுறது? யூனிட்ல ரைபிள் கிடைக்கிற நாள்ல ஸ்டாஃபைக் கேட்டு, சேம்பர்ல டம்மி ரவுண்டு போட்டு, குழல் முனையில ஒரு ரூபாய்க் காசை வச்சு ட்ரிகரை அழுத்திப் பழகுங்க. காசு விழக் கூடாது. டம்மி எதுக்குன்னா, .22 தோட்டாவுல வெடிமருந்தைப் பத்த வைக்கிற பொருள் விளிம்புல இருக்கு. அதனால போல்ட்டுல இருக்கிற ஊசி விளிம்புலதான் அடிக்கும். ஒண்ணுமே போடாம அடிச்சா ஊசி சேம்பர் ஓரத்துல மோதி அதைச் சிதைச்சிடலாம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ல கோலாப்பூர்க்காரர் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள்ல வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியிலயும் .22 தோட்டாதான். அந்த டார்கெட்ல பத்து மார்க் வட்டத்தோட அகலம் 10.4 மில்லிமீட்டர். அவ்வளவு தூரம் போனவங்களும் தினமும் பழகுறது இதே மூச்சு, இதே விரல்தான்.

கடைசியா, ட்ரிகரை அழுத்துனீங்க, வெடிக்கல. என்ன பண்ணணும்? ஒண்ணும் பண்ணாதீங்க. முனை டார்கெட் பக்கமே இருக்கட்டும், இன்னொரு கையைத் தூக்குங்க. சில தோட்டா தாமதமா வெடிக்கும். அரை நிமிஷமாவது காத்திருந்து ஸ்டாஃப் வந்துதான் போல்ட்டைத் திறக்கணும். இன்னொரு விதமும் உண்டு: "டப்"புன்னு வெடிக்காம "புஸ்"ஸுன்னு பலவீனமாச் சத்தம் வரும். அப்ப குண்டு குழலுக்குள்ளயே சிக்கியிருக்கலாம். அடுத்த ரவுண்டைச் சுட்டா குழல் வெடிச்சிடலாம். அங்கேயே நிறுத்திடுங்க.

ஃபயரிங் முடிஞ்சதும் கோக்காவை, அதாவது சுட்ட தோட்டாவோட காலிக் கூட்டை, எண்ணுவாங்க. குடுத்த ரவுண்டோட கணக்கு ஒத்துப்போகணும். என்கிட்ட ரவுண்டும் இல்ல, கோக்காவும் இல்லன்னு ஒவ்வொரு கேடட்டும் சொல்லிட்டுத்தான் கிளம்பணும். ஞாபகத்துக்குன்னு ஒண்ணைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்துடாதீங்க. வந்த பிறகு பாக்கெட்டுல ஒரு ரவுண்டு கிடைச்சா, அதைத் தட்டவோ, அடுப்புப் பக்கம் வைக்கவோ, தம்பி தங்கச்சி கையில குடுக்கவோ கூடாது. பத்திரமா எடுத்து வச்சுட்டு, அன்னைக்கே உங்க என்.சி.சி. சாருக்குப் போன் பண்ணுங்க.