அது மாவுப்பூச்சி அல்ல

எங்கள் மொட்டைமாடியில் எட்டுத் தொட்டி கத்திரி, நாலு தொட்டி வெண்டை, கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு செம்பருத்தி. மாசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் செம்பருத்தியின் நுனிகளில் கோலமாவு சிந்தியதுபோல வெள்ளை படிந்தது. பத்தே நாளில் கத்திரி இலைகளின் அடிப்பக்கத்துக்கும் வந்துவிட்டது. மாவுப்பூச்சி.

தினமும் காலையில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாக ஏறிப்போய்த் தேய்த்துக் கழுவினேன். மற்றவற்றைவிட மூன்று மடங்கு பெரிதாக, உடம்பெல்லாம் மெழுகுத் திரி தொங்க, சில பூச்சிகள் நடுவில் தெரிந்தன. இவைதான் தாய்ப்பூச்சிகள் என்று முடிவுகட்டி, தேடித் தேடி நசுக்கினேன். விவசாயக் குடும்பத்தில் பிறந்த எதிர்வீட்டு அம்மா ஒருநாள் துணி உலர்த்த வந்தவர், என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஏங் கண்ணு, மாவுப்பூச்சி எங்கயாச்சும் இப்படி ஓடுமா?”

உண்மைதான், அது ஓடியது. குச்சியால் தொட்டால் மாவுப்பூச்சி அசைவதே அரிது. வாயைச் செடிக்குள் செருகிச் சாறு உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். நான் நசுக்கியவை அந்த மாவுப்பூச்சிகளைத் தின்ன வந்த பொறிவண்டின் புழுக்கள். கிரிப்டோலேமஸ் என்பது அதன் பெயர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டு 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வளர்ந்த வண்டு சிறியது, கருத்தது, தலை ஆரஞ்சு நிறம். புழுவோ இரைக்கு நடுவே இரையைப் போலவே வெள்ளை போர்த்தித் திரிகிறது. முட்டைப் பையைக்கூட விடாமல் தின்று தீர்க்கும் ஒரு துணையை இரண்டு வாரமாக நானே கொன்றிருக்கிறேன். அன்று மனது மிகவும் கனத்தது.

மாவுப்பூச்சி விஷயத்தில் இப்படி ஒரு பெரிய பாடத்தைக் கொங்கு நாடு முன்பே கண்டிருக்கிறது. 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியின் பூச்சி அது. பப்பாளி மட்டுமல்லாமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவியது. மேலே மெழுகுப் போர்வை இருப்பதால் மருந்து உள்ளே இறங்கவில்லை. அதன் எதிரிகள் அதன் சொந்த ஊரிலேயே தங்கிவிட்டன என்பதுதான் சிக்கலின் வேர். 2010-ல் பெங்களூரு விஞ்ஞானிகள் போர்ட்டோரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தார்கள். அவற்றைப் பெருக்கி வயல்களில் விட்டார்கள். குளவி என்றதும் கொட்டும் என்று அஞ்ச வேண்டாம். ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். உள்ளேயே வளரும் புழு அதைத் தின்று, கூட்டில் துளை போட்டு வெளியேறும். ஓராண்டு போல ஆவதற்குள் பெரும்பாலான இடங்களில் பூச்சி அடங்கியது. எத்தனையோ மருந்து அடித்தும் நடக்காததை, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஓர் உயிர் செய்து முடித்தது.

அதனால்தான், ‘வேப்பெண்ணெய்தானே, கெடுதல் இல்லை’ என்று வாராவாரம் அடிப்பதை நான் விட்டுவிட்டேன். தேவைப்பட்டால் லிட்டருக்கு 5 மில்லி, முதலில் சோப்புக் கரைசலில் கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு, பூச்சி இருக்கும் கிளைக்கு மட்டும். அதற்கும் முன்னால் எறும்பைத் தடுக்க வேண்டும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கின்றன. பொறிவண்டுப் புழுவை விரட்டியடிக்கின்றன. நெய்ச் சட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைப்பார்களே, அதேபோல் செடி நிற்கும் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் இறக்கி வைத்தேன். இலை எதுவும் சுவரைத் தொடக்கூடாது. தொட்டால் எறும்புக்கு அதுவே பாலம். கிண்ணத்துத் தண்ணீரை இரண்டு நாளுக்கொருமுறை கொட்டி மாற்றாவிட்டால் கொசு வந்துவிடும்.

கத்திரியின் தண்டு, காய்த் துளைப்பான் வேறு கதை. புழு உள்ளே போய்விட்டால் மேலே எதைத் தெளித்தும் பயனில்லை. நுனி துவண்டு தொங்கினால், துவண்ட இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, உள்ளே இருக்கும் புழுவோடு அழித்துவிட வேண்டும். இந்த ஒரு புழுவுக்காக உருவாக்கியதுதான் பி.டி. கத்திரி, 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. ஏக்கர் கணக்கில் பயிரிடுபவர் நுனி நுனியாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எட்டுத் தொட்டி வைத்திருப்பவருக்கு அது காலைக் காப்பி ஆறும் நேரத்து வேலை.

செம்பருத்தியின் ஒரு கிளையை இப்போது நான் கழுவுவதில்லை. இரை தீர்ந்தால் வண்டு பறந்துவிடும் என்பதால், அந்தக் கிளையில் வெள்ளை அப்படியே இருக்கிறது. எதிர்வீட்டு அம்மா மேலே வந்தால் முதலில் அங்கேதான் போகிறார், ஒரு குச்சியோடு.