கத்தியா, களிம்பா?

புற்றுநோய் என்னும் சொல் செவியில் விழுந்தால் அஞ்சாதார் யார்? ஆயினும் அப்பெயர் பூண்ட நோய்கள் யாவும் ஒரே கொடுமையுடையன அல்ல. தோலின் அடித்தளக் கலங்களில் தோன்றும் புற்று மிக மெல்ல வளர்வது. பிற உறுப்புகளுக்குப் பரவுதல் மிகவும் அரிது. டப்ளின் நகரக் கண்வைத்தியர் ஆதர் ஜேக்கப் 1827ஆம் ஆண்டில் இதனை விவரித்தெழுதினார். எலி கறண்டியது போல் சதையை அரிப்பதால் ஆங்கிலேயர் இதனை எலிப்புண் என்றனர். வெயில் படும் வெண்ணிறத்தாரிடையே இது மிகுதி, நம்மவரிடையே குறைவு.

வெட்டியெடுத்தலே நெடுங்கால வழக்கம். பின்னர் இமிக்விமொட் என்னும் களிம்பு வந்தது. இது புற்றை எரிப்பதன்று. உடலின் காவற்படையைத் தட்டியெழுப்பி அவ்விடத்துக்கு ஏவுவது. ஆதலின் பூசிய இடம் சிவந்து புண்ணாகிப் பொருக்குத் தட்டுவதைக் கண்டு, மருந்து ஒத்துக்கொள்ளவில்லையென எண்ணலாகாது.

இரண்டில் எது சிறந்தது? நொட்டிங்காம் ஆராய்ச்சியாளர் தலைமையில் பிரித்தானியாவில் 501 நோயாளரை இரு பிரிவாக்கிச் சோதித்தனர். ஒரு பிரிவினருக்குப் புற்றையும் அதனைச் சூழ்ந்த 4 மில்லிமீற்றர் நல்ல தோலையும் வெட்டி நீக்கினர். மற்றையோர் தினம் ஒருமுறை களிம்பு பூசினர். மேலோட்டமான புற்றுக்கு 6 வாரம், முடிச்சுப் போன்றதற்கு 12 வாரம். முடிவு 2014இல் வெளியாயிற்று. மூன்றாண்டின் பின் சத்திரசிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 98 பேரும், களிம்பு பூசியோரில் 84 பேரும் நோயின்றி இருந்தனர். ஐந்தாண்டுக் கணக்கும் ஏறத்தாழ அவ்வாறே.

98 பெரிதா, 84 பெரிதா என்று கேட்டால் சிறு மாணவனும் விடை சொல்வான். ஆனால் இது வெறுங்கணக்கன்று. களிம்பு பலிக்காத பதினாறு பேரும் கைவிடப்பட்டவரல்லர். அவர்களுக்குக் கத்தி இன்னும் இருக்கிறது. களிம்பு தோற்பதாயின் பெரும்பாலும் முதலாண்டிலேயே தோற்றுவிடும். அன்றியும், எஞ்சிய வடுவின் தோற்றத்தை மதிப்பிட்ட வைத்தியர்கள் களிம்பையே மேலெனக் கண்டனர். கத்திக்கு நடுங்கும் முதியவர், வைத்தியர் அழைக்கும் போதெல்லாம் தவறாது வருபவராயின், களிம்பைத் தேர்வதில் பிழையில்லை என்பதே என் எண்ணம். ஒருமுறை வந்து பின் தலைகாட்டாதவருக்குக் கத்தியே நன்று.

ஒன்று கவனிக்க. மூக்கு, காது, கண்ணிமை முதலிய இடங்களில் வந்த புற்றை இச்சோதனையிற் சேர்க்கவில்லை. அங்கு வருவதை எளியதென வைத்தியர் கொள்வதில்லை. கருமையாகப் பரவும் மறுவோ முற்றிலும் வேறான, உயிருக்கே உலைவைக்கும் புற்றாக இருத்தல் கூடும். எதுவென்று வைத்தியர் உறுதிசெய்யுமுன் எக்களிம்பையும் அதன்மேற் பூசலாகாது.