கீமோதெரபியும் மைட்டோகாண்ட்ரியாவும்

மணப்பாடு, உவரி முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து கீமோதெரபிக்கு வருவோரின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: “நல்ல செல்லையும் சேர்த்து அழிக்கும் மருந்தை ஏன் ஏற்றுகிறீர்கள்?” நியாயமான கேள்வி. விடை சற்று நீளமானது.

கீமோதெரபி மருந்துகள் பல, செல்லின் டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன, கொல்வது பெரும்பாலும் அவையல்ல. சிதைவைச் சீர்செய்ய இயலாதபோது செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. இதற்குத் திட்டமிட்ட செல் மரணம் என்று பெயர். நோயில் மட்டும் நிகழ்வதன்று இது. கருவில் துடுப்புப்போல் தோன்றும் கை, விரல்களாகப் பிரிவதும் இடையிலுள்ள செல்கள் இவ்வாறு மடிவதால்தான்.

பள்ளிப் பாடநூல்கள் மைட்டோகாண்ட்ரியாவைச் செல்லின் ஆற்றல் நிலையம் என்று கூறும். அதனுள் சைட்டோகுரோம் சி என்னும் சிறு புரதம் உண்டு. உள்ளே இருக்கும்வரை அது ஆற்றல் உற்பத்திக்கு உதவுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் வெளியுறையில் துளை விழுந்து அது கசிந்துவிட்டாலோ, கேஸ்பேஸ் எனப்படும் நொதிகள் தூண்டப்பட்டுச் செல்லை உள்ளிருந்தே துண்டாக்குகின்றன. அத்துண்டுகளை அருகிலுள்ள செல்கள் விழுங்கிவிடும். வாழவைக்கும் பொருளே சாவுக்கும் சைகை தருகிறது என்பதைச் சியாடோங் வாங் குழுவினர் 1996இல் கண்டறிந்தனர். எங்களுக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி அது.

புற்றுநோய்ச் செல்கள் பல இவ்வழியை அடைத்து வைத்திருக்கின்றன. பி.சி.எல்-2 என்னும் புரதம் அந்த உறையில் துளை விழாமல் தடுக்கும். அது மிகுந்திருந்தால், டி.என்.ஏ. சிதைந்தும் செல் சாகாமல் இருக்கக்கூடும். ஒரே மருந்து ஒருவருக்குப் பலித்து மற்றவருக்குப் பலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். நோயாளியின் மனத்திடம் குறைவு என்று வீட்டார் குறைகூறுவதில் பொருளில்லை. அப்புரதத்தையே முடக்கும் வெனெட்டோகிளாக்ஸ் மாத்திரைக்கு 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. சிலவகை இரத்தப் புற்றுநோய்களில் இன்று அது பயன்படுகிறது.

இனி நல்ல செல்கள். முடியின் வேர், வாயின் உட்பரப்பு, எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் செல்கள் வேகமாகப் பிரிபவை. ஆகவே அவையும் அதே வழியில் மடிகின்றன. முடி உதிர்வதற்கே பலரும் வருந்துகின்றனர். அது பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். எங்கள் கவலை மஜ்ஜையைப் பற்றியது. மருந்து ஏற்றிய பின், பொதுவாக 7 முதல் 14 நாட்களுக்குள், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மிகவும் குறைகின்றன. வீட்டில் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கட்டும். சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால், பாரசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவமனைக்கு முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டு, நள்ளிரவாயினும் உடனே புறப்பட்டு வாருங்கள்.