அன்றாடக் காருக்கேற்ற காம் ஷாப்ட்

மறிச்சுக்கட்டியிலிருந்து சிலாவத்துறை வழியாக மன்னாருக்கு நாள்தோறும் பழைய மொறிஸ் மைனரிற் சென்று மீளும் ஒருவர், எஞ்சினைப் புதுப்பிக்குங்கால் எத்தகைய காம் ஷாப்டைப் பூட்டுதல் தகும்? 1948இல் அறிமுகமான இக்கார் இலங்கையில் இன்றும் ஓடுவதால், இது வீண் வினாவன்று.

காம் ஷாப்ட், கிராங் ஷாப்டின் பாதி வேகத்திற் சுழன்று, தன் புடைப்புகளால் வால்வுகளைத் திறப்பது. 1956இல் வந்த 948 சி.சி. எஞ்சினில் பெற்றோற் கலவை புகும் வால்வு, கிராங் ஷாப்ட் 230 பாகை சுழலும்வரை திறந்திருக்கும். பந்தயக் காருக்கான தண்டில் அது 300 பாகையையும் எட்டும். நெடுநேரம் திறந்திருப்பின் பலம் பெருகுமன்றோ என இளைஞர் கேட்பர். பெருகும், ஆயின் எஞ்சின் மிக விரைந்து சுழலும்போது மட்டுமே. மெல்லச் செல்லுகையில், பிஸ்டன் மேலெழும்போது உட்புகுந்த கலவையின் ஒரு பகுதி வந்தவழியே திரும்பிவிடும். இழுவை குன்றும், நின்றபடி ஓடும் எஞ்சின் நடுங்கும், பெற்றோலும் விரயமாகும். குடும்பத்தையும் மூட்டைகளையும் ஏற்றி, மணற்றடத்திற் கீழ்க் கியரில் ஊரும் காருக்கு இஃது உதவாது.

ஆதலின் தொழிற்சாலைத் தண்டோ, அதனினுஞ் சற்றே மிகுந்ததோ போதும் என்பதே நம் கருத்து. அதனுடன் டப்பட்டுகளும் புதியனவாதல் வேண்டும். தேய்ந்த பழையவை புதுப் புடைப்புகளை விரைவில் அரித்துவிடும். முதன்முறை முடுக்கியதும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்று வேகத்தில் 20 நிமிடம் ஓடவிட்டால், புடைப்புகளுக்குப் போதிய எண்ணெய் தெறித்து அவை நன்கு படியும்.

பந்தயத்திற் பின்தங்கினால் பரிசுதான் போகும். ஆளரவமற்ற கரையோரப் பாதையில் எஞ்சின் நின்றால், நோயாளியும் மாணவரும் நடுவழியில் தவிப்பர். விரலுக்குத் தக்க வீக்கமே நன்று.