வீட்டிலேயே டயாலிசிஸ்: துணையோடு உங்களையும் கவனிங்க!

கணவனோ மனைவியோ சிஏபிடி எனும் வீட்டு டயாலிசிஸில் இருந்தால், பெரும்பாலும் தினமும் 4 முறை திரவப் பை மாற்றணும். ஒவ்வொன்றுக்கும் சுமார் அரை மணி நேரம் ஆகும். பணத்தோடு உங்க தூக்கமும் செலவாகுது.

1. பை: தமிழக அரசு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே இலவசமா தர்றாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க.

2. வரி: 2025-26 நிதியாண்டில், பழைய வரிமுறையில் 80டிடிபி பிரிவில் ரூ.40,000 வரை கழிவு உண்டு. துணை உங்களைச் சார்ந்திருக்கணும். சிறுநீரக நிபுணரின் சீட்டு அவசியம்.

3. நீங்க: நீங்க படுத்துட்டா சம்பளமும் நிற்கும், பை மாற்றவும் ஆள் இருக்காது. ஃப்ளோட்டர் பாலிசியில் ஒருவர் சிகிச்சையே மொத்தத் தொகையையும் தின்னுடலாம். அதனால் உங்களுக்குத் தனி ஹெல்த் பாலிசி எடுங்க. வீட்டில் இன்னொருவரும் பை மாற்றப் பழகட்டும். வாரம் ஒரு நாள் அவர் பார்க்கட்டும், நீங்க தூங்குங்க. அது சுயநலம் இல்லை!