சரக்குக்கும் ஒரு விலாசம்

தோட்டத்து லயன் வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லாமல், கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து கைமாறிப் போகும் கஷ்டம் மலையகத்தாருக்குப் புதிதல்ல. நம் வர்த்தகர்கள் சிலரின் இணையத்தளங்களும் இப்படித்தான் இருக்கின்றன. வாசலுக்கு விலாசம் உண்டு, உள்ளே உள்ள சரக்குக்கு இல்லை. கொழும்பு வாடிக்கையாளர் பிஓபிஎஃப் தேயிலையின் விலையைக் கேட்டால், "உள்ளே போய்த் தேடுங்கள்" என்கிறோம். அவர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.

இருநூறு சரக்குக்கு இருநூறு பக்கம் எழுதத் தேவையில்லை. அச்சுப் போல ஒரே ஒரு பக்கம் போதும். பெயர், நிறை, விலை எல்லாம் தரவுத்தளத்தில் வரிசையாக இருக்கும். 'தேயிலை/தரம்' என்று ஒரு விதியை எழுதி வைப்பார்கள். முதற்சொல் மாறாது, இரண்டாவது வெற்றிடம். ஒருவர் 'தேயிலை/பிஓபிஎஃப்' என்று கேட்டால், அந்தச் சொல்லைப் பிடித்துத் தரவுத்தளத்தில் தேடி, கிடைத்த விபரத்தை அச்சில் நிரப்பிக் காட்டும். புதிய தரம் வந்தால் ஒரு வரி சேர்த்தால் சரி, விலாசம் தானாகவே உண்டாகும். இதற்கு ரவுட்டிங் என்று பெயர். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பத்திரிகை ஒன்றில் பிறந்து 2005இல் இலவசமாக வெளிவந்த ஜாங்கோ, 2011இல் வந்த லாராவெல் இரண்டிலும் இந்த வசதி உண்டு.

விதிகளைக் கணினி மேலிருந்து கீழாகப் பார்க்கும், முதலில் பொருந்துவதையே எடுக்கும். 'தேயிலை/புதியவை' என்ற விதியைக் கீழே போட்டால், 'புதியவை' என்றொரு தரத்தைத் தேடி, இல்லை என்று கைவிரித்துவிடும். விலையையோ ராக்கை இலக்கத்தையோ விலாசத்தில் சேர்க்க வேண்டாம், அவை மாறுபவை. நல்ல விலாசம் மாறாது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே எழுதினார். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பழைய விலாசத்துக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு இருக்க வேண்டும்.

இதெல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் ஒன்று. பற்றுச்சீட்டுகளையும் சிலர் 'பில்/1045' என்று இதே முறையில் வைக்கிறார்கள். வாடிக்கையாளர் 1046 என்று மாற்றித் தட்டினால் அடுத்தவரின் பில் திறக்கும்! யார் எவ்வளவு கடன் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். வாடிக்கையாளரின் கணக்கு நம்மிடம் உள்ள அமானிதம். கேட்பவர் அந்தப் பில்லுக்கு உரியவர்தானா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்கும்படி செய்ய வேண்டும். தளம் அமைப்பவருக்குக் கடைசிக் கொடுப்பனவைக் கொடுக்குமுன், உங்கள் கையாலேயே இலக்கத்தை மாற்றித் தட்டிப் பாருங்கள்.